ஒற்றை விசில்

டிக்கெட் கிழிக்கும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடுவதுதான் ஜீவகுமாருக்குப் பெரிய பாடாக இருந்தது. செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர். வருஷக்கணக்காக அந்த விரல் வாய்க்கும் டிக்கெட்டுக்கும் போய் வந்து பழகிவிட்டது. எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம் அது. மழை விட்டதும் சாலையோர ஊர்களில் வாந்திபேதி கிளம்பியது. ஜீவகுமார் சோப்பு டப்பாவின் மூடியில் ஈரப் பஞ்சை வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். விரல் வாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் திடுக்கிட்டு நிறுத்தி, பஞ்சைத் தொட்டான்.

அவன் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. அவன் மனைவி கனகலதாவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இரண்டாவது பிறந்து ஒரு பொழுதுகூடத் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்த இந்தப் பெண் நன்றாகப் பால் குடித்தாள், கைகாலை உதைத்தாள். அவள் தும்மினாலும் கனகலதா எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

"லீவு போடுங்க. இந்தச் சீக்கு அடங்கற வரைக்கும் வூட்ல இருங்க" என்றாள் கனகலதா.

"தீபம் வருது. இப்ப லீவு கேட்டா, திரும்பி வராதேன்னுடுவாரு முதலாளி."

"தீபத்துக்கு எங்கிருந்தெல்லாம் ஜனம் வரும்? எல்லார் கையிலயும் துட்டு வாங்கி, டிக்கெட் குடுத்து, அந்தக் கையோட வூட்டுக்கு வருவீங்க."

"வாந்திபேதி ஊசி போட்டுக்கினேன் இல்ல?"

"அது பாதிப் பேருக்குத்தான் வேலை செய்யும்னு ஊசி போட்ட நர்சம்மாவே சொல்லிச்சின்னு நீங்கதான சொன்னீங்க?"

இருவரும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவன் வாசல் வழியாக வரக் கூடாது. சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, அங்கேயே குளித்து, காக்கி உடுப்பைக் கொதிக்கும் தண்ணீரில் அமுக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். குழந்தையைத் தொடக் கூடாது. படுக்கை முன்னறையில். வெளியில் டீ கிடையாது, ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. வடிகட்டிய தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி அவளே பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பாள். சமண வீடாகையால் பொழுது சாய்ந்த பின் சாப்பாடு இல்லை. கடைசி டிரிப்புக்கு முன்னால், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வெயில் இருக்கும்போதே பஸ்ஸுக்குள் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றுவிடுவான்.

சில சமயம் அவனுக்கு எரிச்சலாக வரும். கதவோரம் நின்று குழந்தையைப் பார்ப்பான். கனகலதா கையை நீட்டி, "அங்கியே" என்பாள். அவனும் அங்கேயே நிற்பான்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு தெருவிலேயே மூன்று சாவு என்று கேள்விப்பட்ட மறுநாள் முதலாளி ஷெட்டுக்கு வந்தார். "வாந்திபேதி கேஸ் எதையும் வண்டில ஏத்தாதீங்க. மத்த ஜனம் ஏறாது. புரியுதா?" என்று டிரைவரையும் கண்டக்டரையும் நிற்கவைத்துச் சொன்னார். டிரைவர் பலராமன் தலையை ஆட்டினார். ஐம்பதை நெருங்கும் மனுஷர், அதிகம் பேசமாட்டார். ஜீவகுமாரும் ஆட்டினான். அவன் மனதுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. முடிவெடுக்கிற வேலை தன்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

அந்த நிம்மதி நாலைந்து நாள்கூட நிற்கவில்லை.

அன்று கடைசி டிரிப் செஞ்சியிலிருந்து கிளம்பியபோது தூறிக்கொண்டிருந்தது. பஸ் நிறையவில்லை. வழியில் ஓர் ஏரிக்கரை ஸ்டாப்பிங் உண்டு. ஊர் உள்ளே தள்ளி இருக்கும், சாலையில் ஒரு புளியமரம் மட்டும்தான். இருட்டத் தொடங்கியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் மரத்தடியில் ஒரு கயிற்றுக்கட்டில் தெரிந்தது. கட்டிலில் யாரோ போர்த்திப் படுத்திருந்தார்கள். ஓர் ஆள் சாலைக்கு ஓடிவந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

பலராமன் கியரைக் குறைத்தார். கண்ணாடியில் ஜீவகுமாரைப் பார்த்தார். இரட்டை விசில் என்றால் போகலாம், ஒற்றை விசில் என்றால் நிற்கணும்.

"வாந்திபேதி கேசுப்பா அது! நிறுத்தாதே!" முன்னால் இருந்த ஒருவர் கத்தினார்.

"கண்டக்டரே, கொழந்த குட்டியோட வந்திருக்கோம். விசில் அடி, போலாம்" என்றாள் நடு சீட்டில் இருந்த ஒரு பெண். மடியில் பெரிய சந்தைப்பை, பக்கத்தில் தூங்கும் சிறுமி. அவள் பெயர் பாஞ்சாலை. வாரா வாரம் செஞ்சிக்குப் போய் வருகிறவள். ஜீவகுமாருக்குத் தெரிந்த முகம்தான்.

ஜீவகுமார் விசிலைக் கையில் பிடித்திருந்தான். பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. இன்றைக்கு இதற்குப் பிறகு இந்தச் சாலையில் பஸ் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். மாட்டுவண்டி கட்டினால் திருவண்ணாமலை போய்ச் சேருவதற்குள் விடிந்துவிடும். வாந்திபேதி விடியும்வரை காத்திருக்காது. அதுவும் தெரியும். கதவோரம் நிற்கிற தன்னைப் பார்த்துக் கையை நீட்டும் கனகலதாவும் கண் முன்னால் வந்தாள். முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னபோது தலையாட்டியதும்.

ஒரு விசில் அடித்தான்.

பஸ் நின்றது. உள்ளே ஒரே கூச்சல். அந்த ஆள் பின்வாசலுக்கு ஓடிவந்தான். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, உடம்பெல்லாம் நனைந்திருந்தது.

"சாமி, என் பொண்டாட்டி. காலைல இருந்து போய்க்கினே இருக்குது. இப்ப பேச்சு இல்ல. பெரியாஸ்பத்திரில உட்டுட்டா போதும், சாமி."

"உன் பேர் இன்னா?"

"வேடியப்பன். அவ சந்திரம்மாள்."

ஜீவகுமார் பஸ்ஸுக்குள் திரும்பினான். "எல்லாரும் முன்னாடி வந்துடுங்க. பின்னாடி மூணு வரிசைய காலி பண்ணிக் குடுங்க. அவுங்க பின்னாடியே இருப்பாங்க. நான் அவுங்ககூட இருக்கேன். உங்க கிட்ட வரமாட்டேன்."

"நீ யாருய்யா இத சொல்றதுக்கு? முதலாளி கிட்ட சொல்றேன் பாரு" என்றார் முன்னால் இருந்தவர். அவரும் இன்னும் சிலரும் முன்வாசல் வழியாக இறங்கி, தூறலில் மரத்தடியில் நின்றார்கள். அடுத்த ஊர்வரை நடந்துபோய்க்கொள்வதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தபடி முன்னே நகர்ந்தார்கள். பாஞ்சாலை சிறுமியைத் தூக்கிக்கொண்டு டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டி மேல் போய் உட்கார்ந்தாள்.

பலராமன் கதவைத் திறந்து இறங்கி வந்தார். கட்டிலோடு பஸ்ஸில் ஏற்ற முடியாது. வேடியப்பன் மனைவியைத் தோளில் போட்டுத் தூக்கினான். பலராமன் கால் பக்கம் கை கொடுக்க நெருங்கியபோது ஜீவகுமார் தடுத்தான்.

"வேணாண்ணே. நீங்க ஸ்டியரிங் பிடிக்கணும். நான் பார்த்துக்கறேன்."

அவள் கால்கள் ஜில்லென்று இருந்தன. அந்தக் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறியதும்தான், இனித் திரும்ப முடியாது என்பது அவனுக்கு உறைத்தது.

பஸ் கிளம்பிய சிறிது நேரத்திலேயே அவள் கடைசி சீட்டுக்கும் தரைக்குமாக வாந்தி எடுத்தாள். கஞ்சித் தண்ணி மாதிரி வெளுப்பாக. கண் குழி விழுந்து, கன்னம் ஒட்டி, விரல் நுனிகள் சுருங்கிக் கிடந்தன. கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்க, சத்தமில்லாமல் வாயைத் திறந்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"தண்ணி" என்றாள்.

"தண்ணி குடுக்காதீங்க! குடுத்தா இன்னும் ஜாஸ்தியா போவும்!" முன்னாலிருந்து யாரோ கத்தினார்கள். வேடியப்பனும் மறுத்துத் தலையாட்டினான். காலையிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லையாம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்களாம்.

பஸ் ஸ்டாண்டில் ஊசி போட வந்த நர்ஸ், வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி இதற்கு நேர்மாறாகத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்: போவது தண்ணீர், அதனால் கொடுக்க வேண்டியதும் தண்ணீர்; கொஞ்சம் உப்பு, ஒரு பிடி சர்க்கரை கலந்து கொடுங்கள். ஜீவகுமார் அப்போது அரைக் காதில் வாங்கிக்கொண்டான். இப்போது நர்ஸ் சொன்னது சரியா, ஊரார் சொல்வது சரியா என்று அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. தன் கையால் கொடுத்து இவள் இங்கேயே போய்விட்டால்?

பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தான். முக்கால் பாட்டில் தண்ணீர் இருந்தது.

"யார்கிட்டயாவது உப்பு, சர்க்கரை இருக்குதா?" என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினான்.

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பாஞ்சாலை சந்தைப்பையைப் பிரித்தாள். "வெல்லம்தான் கீது. பரவாயில்லையா?" என்றாள். வெல்லத்தையும் உப்புப் பொட்டலத்தையும் ஒரு துணியில் முடிந்து, நடு சீட் வரை வந்து வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். "எனக்குத் திருப்பித் தராதே. துணியும் வேணாம்" என்றாள்.

வெல்லத்தைக் கம்பியில் தட்டி உடைத்து, கொஞ்சம் உப்போடு பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்கினான். முதல் வாய் வெளியே வந்துவிட்டது. வேடியப்பன் அழ ஆரம்பித்தான். ஜீவகுமார் கொஞ்சம் பொறுத்து, மூடியில் ஊற்றி மூடி மூடியாகக் கொடுத்தான். உள்ளே போனது. இன்னும் ஒரு மூடி. மலையின் இருண்ட உருவமும் அதன் அடியில் ஊர் வெளிச்சமும் தெரிந்தபோது பாட்டில் காலியாகியிருந்தது. அவளுக்கு மூச்சு இருந்தது.

பலராமன் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டியை விட்டார். அவளை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோனார்கள். ஜீவகுமாரின் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஷெட்டில் பஸ்ஸைப் பிளீச்சிங் பவுடர் போட்டு இருவரும் கழுவினார்கள். அங்கேயே குளித்து, ஷெட்டில் கிடந்த ஒரு பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு ஜீவகுமார் வீட்டுக்கு நடந்தான்.

கொல்லைக்குப் போகவில்லை. தெருவில் நின்று, ஜன்னலுக்கு நேராகக் கூப்பிட்டான். கனகலதா விளக்கோடு வந்தாள். லுங்கியைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

நடந்ததை எல்லாம் சொன்னான்.

"என் கொழந்தைய நெனச்சீங்களா?" என்றாள் கடைசியில்.

"நெனச்சேன்."

"நெனச்சுட்டுமா விசில் அடிச்சீங்க?"

"அதனாலதான் உள்ள வரல, கனகா. சீக்கு ஒட்டிச்சா இல்லியான்னு அஞ்சு நாள் வரைக்கும் தெரியாதாம். நான் ஷெட்லியே இருந்துக்கறேன்."

"நான் ரெண்டு பேர மண்ணுல வச்சவ" என்றாள். குரல் உயரவில்லை. "நான் இங்க ஒவ்வொரு துணியா வேகவச்சுக்கினு இருக்கேன். நீங்க போய்க் கையால அள்ளிக்கினு வரீங்க. அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் நான் கெட்டது நெனைக்கல. ஆனா அவ எனக்கு யாரு?"

ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கொஞ்ச நாள் வண்டிப் பக்கம் வராதே என்று மட்டும் சொன்னார். ஷெட்டின் மூலையில் சாக்கை விரித்துப் படுத்தான். பலராமன் தன் வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டுப் போவார். சந்திரம்மாளுக்கு இரவெல்லாம் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றியதில் பிழைத்துக்கொண்டாள் என்று அவர்தான் விசாரித்து வந்து சொன்னார். ஜீவகுமாருக்கு அதைக் கேட்டு சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அன்று காலை அவனுக்கு வயிறு கலங்கியிருந்தது. ஒரு தடவை போனான். திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்ததற்குக் காத்திருந்தான். கெண்டைக்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். விரல் நுனி சுருங்குகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. அது பயமா, வேறு ஏதாவதா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதற்கும் இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில் பலராமன் வேகமாக வந்தார்.

"ஜீவா, எழுந்திரு. உன் சம்சாரம் ஆள் அனுப்பிச்சிருக்குது. கொழந்தைக்கு வயித்தால போவுதாம்."

ஓடினான். வாசலில் வந்து நின்றான். படியைத் தாண்டவில்லை. கனகலதா குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாடகைக்கு வீடு விட்டிருந்த ஜோதியம்மாள் பக்கத்தில் நின்றாள்.

"ராத்திரில இருந்து. பால் குடிச்சா உடனே போயிடுது" என்றாள் கனகலதா. அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அதைப் பார்க்கத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நான் கிட்டயே வரலியே, கனகா."

"தெரியும்."

"உரைமருந்து குடுத்தோம், முந்தாநாள்" என்றாள் ஜோதியம்மாள் தயங்கி. "எப்பவும் குடுக்கறதுதான். நான்தான் தண்ணில உரைச்சுக் குடுத்தேன்."

"எந்தத் தண்ணியில?" என்றான் ஜீவகுமார்.

ஜோதியம்மாள் கொல்லைக் கிணற்றுப் பக்கம் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அதுவா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம்" என்றாள் கனகலதா. "இப்ப அத பேசி ஆவப்போறது ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரிக்கு போவலாமா வேணாமா, அத சொல்லுங்க."

ஆஸ்பத்திரி முழுக்க வாந்திபேதிக்காரர்கள். தாழ்வாரத்திலும் பாய் போட்டுக் கிடக்கிறார்கள் என்று பலராமன் சொல்லியிருந்தார். இது சாதாரண வயிற்றுப்போக்காக இருந்தால், வேண்டுமென்றே குழந்தையை அந்த நோய்க்கு நடுவில் கொண்டுபோய்ப் போட்டதாக ஆகிவிடும். வாந்திபேதியாகவே இருந்தால், வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் குழந்தை கையை விட்டுப் போகும். வாசலுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவனுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க போயி அந்தச் சீக்கு வந்துட்டா?" என்றான்.

"இங்கியே இருந்து போயிட்டா?" என்றாள் அவள்.

குழந்தை அழக்கூட இல்லை. கனகலதா அதன் தலையில் கையை வைத்தாள். விரல் உச்சியில் நின்றது. மெதுவாகத் தடவினாள்.

"உச்சி குழிஞ்சிருக்குது" என்றாள். "உள்ள வாங்க. தூக்குங்க."

"என் கை..."

"தூக்குங்கன்றேன் இல்ல? எனக்குக் கால் நிக்கல."

சீக்கு கிளம்புவதற்கு முன் தூக்கியதோடு சரி, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் தூக்கினான். எடையே இல்லாததுபோல் இருந்தது. பலராமன் கொண்டுவந்த ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் உச்சியைப் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது.

"காலராவா டாக்டர்?" என்றாள் கனகலதா.

"இப்போ சொல்ல முடியாதும்மா. எதா இருந்தாலும் தண்ணி ஏறணும். கடைசியா எப்போ மூத்திரம் போச்சு?"

கனகலதாவுக்கு நினைவில்லை. ராத்திரியிலிருந்து துணியை மாற்றிக்கொண்டே இருந்தாள். எது எதுவென்று தெரியவில்லை.

கையில் நரம்பு கிடைக்கவில்லை. தலையில் கொஞ்சம் முடியை வழித்து ஊசி குத்தினார்கள். குழந்தை அப்போது அழுதது. கண்ணீர் வரவில்லை. கனகலதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அசையாமல் இருக்கக் குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்படி நர்ஸ் ஜீவகுமாரிடம் சொன்னாள். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டான். சொட்டுச் சொட்டாக இறங்கியது. சுற்றிலும் பாய்களில் முனகல். யாரோ வாந்தி எடுத்தார்கள். கனகலதா புடவைத் தலைப்பால் குழந்தையின் முகத்தில் ஈ உட்காராமல் விசிறினாள். நடுநடுவே பால் கொடுக்கச் சொன்னார்கள். குனிந்து கொடுத்தாள். முதலில் குழந்தை வாயை வைத்ததோடு சரி. பிறகு கொஞ்சம் இழுத்தது.

மதியத்துக்குமேல் ஜீவகுமாரின் தொடையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. மறுபடியும் பேதி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டான். நர்ஸ் வந்து துணியை விலக்கிப் பார்த்தாள்.

"மூத்திரம்தான். நல்லா போயிருக்குது" என்றாள். "இனிமே கவலை கம்மி."

கனகலதா அந்த நனைந்த இடத்தைத் தன் கையால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சுற்றி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கூச்சம் அவளுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை.

பொழுது சாயும்போது குழந்தை கண்ணை விழித்துப் பார்த்தது. வார்டின் அந்தக் கோடியில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேடியப்பன் தூக்குச்சட்டியோடு அவள் எதிரில் குந்தியிருந்தான். ஜீவகுமாரைக் கண்டதும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டான். கிட்டே வரவில்லை. கனகலதா நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுதானா?"

"ம்."

அந்தப் பெண்ணையே அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இன்னும் போவல" என்றாள்.

"இருக்கட்டும்."

"என் வயசுதான் இருக்கும்போல."

"ரெண்டு மூணு கம்மி இருக்கும்."

கனகலதா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஊசி அசையாமல் தலையை ஏந்திக்கொண்டாள்.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள். "கஞ்சி குடிச்சாளான்னு."